ரிக்கற் அடிப்பதா, நிதியத்துக்கு எழுதுவதா, மாதக்காசு சேர்ப்பதா? வன்னிச் சங்கங்களுக்கு ஒரு கணக்கு

வன்னியில் எந்தச் சங்கக் கூட்டத்திலும் "காசுக்கு என்ன செய்யிறது?" என்ற பேச்சு எழுந்தால் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வரும்: "அண்ணை, ரிக்கற் அடிச்சு விப்பம். முதல் பரிசு மோட்டச்சைக்கிள் எண்டு போட்டால் சனம் ஓடிவந்து வாங்கும்." இன்னொருவர் லண்டனில் இருக்கும் மச்சானை இழுப்பார்: "அங்க லொத்தர் காசிலதான் மைதானம், மண்டபம் எல்லாம் கட்டுறாங்களாம். அவையளைக் கேட்டுப் பாப்பம்." ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் இருந்தால், வைத்தியச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு எழுதுவோம் என்பார். மாதம் மாதம் வீட்டுக்கு வீடு காசு சேர்க்கும் நாலாவது வழி ஒருவருக்கும் பிடிக்காது. அதைப் பொருளாளர் தயங்கித் தயங்கிச் சொல்வார்.

நாலு யோசனையும் நல்லவைதான். ஒரே தேவைக்கு நாலையும் போட்டுக் குழப்பும்போதுதான் கூட்டம் இருட்டும் வரைக்கும் இழுபடுகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சிறு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே மூன்று தேவைகள் உள்ளன. ஒரு பிள்ளைக்கு இருதய சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். பாடசாலையின் குடிநீர் வடிகட்டி பழுதாகிக் கிடக்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு, மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் சிறுநீரக நோயாளர் சிலருக்குப் பஸ் காசும் ஓட்டோக் காசும் தேவை. இந்த மூன்றுக்கும் எந்த வழி பொருந்தும் என்பதுதான் கேள்வி.

எந்த வழியையும் நான் அளந்து பார்ப்பது இப்படி: கொடுக்கிற நூறு ரூபாயில் காரியத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? அதை யார் தீர்மானிக்கிறார்கள்? காசு கைக்கு வர எத்தனை மாதம் ஆகும்? யாருடைய மடியில் இருந்து அந்தக் காசு வருகிறது? கடைசிக் கேள்வியைத்தான் கூட்டங்களில் எவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதற்கேள்வி.

சந்தியில் விற்கிற ரிக்கற்றின் காசு

பரந்தன் சந்தியிலோ மாங்குளத்திலோ தட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் ரிக்கற்றுகளை உற்றுப் பார்த்தால் அவை இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியும். மகஜன சம்பத, கொவிசெத போன்றவை தேசிய லொத்தர் சபையுடையவை. லக்ன வாசனா, அத கோடிபதி போன்றவை அபிவிருத்தி லொத்தர் சபையுடையவை. 2022 ஜூலையில் 20 ரூபாவில் இருந்து 40 ரூபாவாக ஏறியபோது இரண்டும் சேர்ந்தே ஏறின. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். காசு போகும் வழி மட்டும் வேறு.

தேசிய லொத்தர் சபை 1963 இல் வந்தது. அதற்கு முன்னோடியாக 1955 இல் தொடங்கிய ஆஸ்பத்திரி லொத்தர் இருந்தது. பெயரிலேயே காரியம் இருந்ததால், ரிக்கற் விழாவிட்டாலும் ஒரு கட்டிலோ மருந்தோ கிடைக்கும் என்று வாங்கியவர் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது அந்தச் சபையின் இலாபம் அரசாங்கத்தின் திரட்டு நிதியத்தில் சேர்கிறது. வரிக்காசும் அதே பானைக்குள்தான். அதற்குள் விழுந்த நாற்பது ரூபா ஆஸ்பத்திரிக்குப் போனதா, அமைச்சரின் வாகனத்துக்குப் போனதா என்று எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அபிவிருத்தி லொத்தர் 1983 இல் தொடங்கியது. 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிச் சபையானது. அதன் வருமானம் 1978 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஜனாதிபதி நிதியத்துக்குப் போகிறது. வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானத்தோடு 1981 இல் நிலைபெற்ற, பல்கலைக்கழக மாணவருக்கு உதவிப்பணம் கொடுக்கும் மகாபொல நிதியத்துக்கும் லொத்தர் காசு ஒரு வரவு. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பீடங்களிலும் படிக்கிற எங்கள் பிள்ளைகளில் பலர் மகாபொல எடுக்கிறார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தக் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாவில் இருந்து 7,500 ஆனது. ஆக, ரிக்கற் வாங்கிச் சுருட்டி எறிந்தவரின் காசில் ஒரு துளி, அறிவியல்நகர் விடுதியில் இருக்கும் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக் காசாகத் திரும்பி வருகிறது என்று சொன்னால் பொய்யில்லை.

விற்பவரையும் மறக்கக்கூடாது. ஏ9 வீதியோரம் ரிக்கற் விற்கிறவர்களில் கால் இழந்தவர்களும் கை இழந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் கமிசனையும் நற்காரியக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சபைகளின் அறிக்கைகள் அதைச் செலவுப் பக்கத்தில் எழுதும். எழுதட்டும்.

தமிழ்நாட்டில் 1968 இல் அண்ணாவின் அரசு லொத்தரைத் தொடங்கியபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று விளம்பரம் செய்தார்கள். அழகான வரிதான். ஆனால் விழாமல் போன காசெல்லாம் நாட்டுக்குப் போவதில்லை. பரிசு, கமிசன், அச்சு, விளம்பரம், வரி எல்லாம் கழிந்த மிச்சம்தான் போகும். தலைவாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் கடைவாய்க்கால் வயலுக்கு வருவதில்லை என்பதை இரணைமடுக் கமக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடுகள் நாசமாகின்றன என்று 2003 இல் தமிழ்நாடு லொத்தரை அடியோடு தடைசெய்தது. பக்கத்துக் கேரளம் 1967 இல் தொடங்கிய அரச லொத்தரை இன்றும் நடத்துகிறது. அங்கே 2011-12 காலத்தில் காருண்யா என்று தனி லொத்தரே தொடங்கி, அதன் வருமானத்தைப் புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோயாளருக்குக் கொடுத்தார்கள். பின்னர் அந்த உதவி அரசின் காப்புறுதித் திட்டத்தோடு சேர்ந்தது. ரிக்கற்றில் காரியத்தின் பெயரை அச்சடிப்பது சனத்தின் நம்பிக்கையைக் கூட்டும் என்பதற்குக் காருண்யா நல்ல சாட்சி. ஏழை கூடுதலாக வாங்குவதற்கும் அதே பெயர் சாட்டாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லண்டன் லொத்தர்க் காசு எங்களுக்கு வருமா?

பிரித்தானியாவின் தேசிய லொத்தர் 1994 நவம்பரில் தொடங்கியது. விற்பனைக் காசில் 12 வீதம் அரசுக்கு வரி. தொடக்க காலத்தில் ஏறக்குறைய 28 வீதம் நற்காரியங்களுக்குப் போனது. சுரண்டும் சீட்டுகளும் இணைய விளையாட்டுகளும் கூடக்கூட அந்த வீதம் இறங்கியது. நற்காரியக் காசில் 40 வீதம் சுகாதாரம், கல்வி, சுற்றாடல், சமூகப் பணிகளுக்கும், விளையாட்டு, கலை, மரபுரிமை மூன்றுக்கும் தலா 20 வீதமும் போகும். 2024 பெப்ரவரி வரை கமலொட் நிறுவனம் நடத்தியது, இப்போது ஒல்வின் நடத்துகிறது. ஆனால் காசைப் பங்கிடுவது ரிக்கற் விற்கிற கம்பனியோ அமைச்சரோ இல்லை. அதற்கென்று தனித்தனிச் சபைகள் இருக்கின்றன.

அந்த ஏற்பாட்டில் நாங்கள் களவெடுக்க வேண்டிய ஒரு கொள்கை உண்டு. அரசாங்கம் தன் கடமையாகச் செய்ய வேண்டிய வேலைக்கு லொத்தர் காசை மாற்றாகப் போடக்கூடாது, அதற்கு மேலதிகமாகத்தான் பாவிக்க வேண்டும் என்பது அது. நடைமுறையில் அவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் குறைசொல்வதுண்டு. என்றாலும் அப்படி ஒரு கோடு போட்டு வைத்திருப்பதே பெரிய காரியம். இந்தக் கோடு எங்கள் வடிகட்டிக் கதைக்குத் தேவைப்படும்.

மச்சானின் யோசனைக்கு வருவோம். அந்த லொத்தரின் சமூக நிதியம் முதன்மையாகப் பிரித்தானியாவில் உள்ள சமூகங்களுக்கானது. லண்டன் ஹரோவில் இருக்கும் எங்கள் முதியோருக்குப் பகல்நேர நிலையம் நடத்த ஒரு தமிழ்ச் சங்கம் விண்ணப்பிக்கலாம். முல்லைத்தீவுப் பாடசாலையின் வடிகட்டிக்காக எங்கள் கிராமச் சங்கம் அங்கே எழுதுவது முத்திரைக் காசுக்குக் கேடு.

ஆனால் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அங்குள்ள பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் நகரசபையில் பதிந்து சிறு சங்க லொத்தர் நடத்தலாம். ஒரு இழுப்புக்கு 20,000 பவுண்ஸ் வரைக்கும் விற்கலாம். அதில் குறைந்தது 20 வீதம் நற்காரியத்துக்குப் போயே ஆகவேண்டும் என்பது சட்டம். இராப்போசன நிகழ்வில் அந்த இடத்திலேயே விற்று அங்கேயே இழுப்பதற்குப் பதிவு கூடத் தேவையில்லை. ஐந்து பவுண்ஸ் தோற்றவர் வீட்டில் அன்று உலை கொதிக்காமல் போகாது. யாருடைய மடி என்ற என் முதற்கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

எங்கள் ஊரிலேயே சீட்டிழுப்பு

சட்டம் முதலில். காசுக்கு ரிக்கற் விற்றுக் குலுக்கலில் பரிசு கொடுப்பது எங்கள் நாட்டில் 1844 ஆம் ஆண்டின் லொத்தர் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விடயம். கோயில் திருவிழாவில் எல்லாரும் செய்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. ரிக்கற்றை அச்சுக்குக் கொடுக்க முன்னர் ஏஜிஏ கந்தோரில், அதாவது பிரதேச செயலகத்தில், எழுத்தில் கேளுங்கள். பாடசாலையின் பெயர் ரிக்கற்றில் வருவதென்றால் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

இனிக் கணக்கு. நூறு ரூபா ரிக்கற் 2,000 அடிக்கிறோம் என்று வையுங்கள். கூட்டத்தில் எல்லாரும் இரண்டு லட்சம் என்று கனவு காண்பார்கள். புத்தகங்கள் வீடு வீடாகப் போகும். திரும்பி வரும்போது சில பாதி விற்றிருக்கும், சில மழையில் நனைந்திருக்கும், சிலவற்றின் அடிக்கட்டையில் பெயர் இருக்கும் காசு இருக்காது. "தாறன் அக்கா, அறுவடை முடியட்டும்" என்று சொன்னவரின் அடிக்கட்டையும் குலுக்கல் வாளிக்குள் விழும். 1,400 விற்றுக் காசு வந்தால் அது நல்ல விற்பனை. கையில் 1,40,000. ஒரு சைக்கிள், ஒரு ரெலிபோன், ஒரு மின்விசிறி என்று பரிசுகளுக்கு 60,000. அச்சுக்கு 12,000. ஒலிபெருக்கி, வாகனம், தேத்தண்ணீர் 8,000. மிஞ்சுவது 60,000. நூறு ரூபாவுக்கு நாற்பத்து மூன்று ரூபா. உண்மையில் இது மோசமான வீதமில்லை, லண்டன் சட்டம் கேட்கும் இருபதை விட இரண்டு மடங்கு.

ஆனால் அதே கணக்கைக் கீழே இருந்து வாசியுங்கள். செலவு 80,000 முதலிலேயே போய்விட்டது. முதல் 800 ரிக்கற்றும் சைக்கிள் கடைக்கும் அச்சகத்துக்கும்தான். மழை பிடித்து 800 ஓடு நின்றால் மூன்று மாதம் நாயாய் அலைந்த உழைப்பு வெறும் கையோடு முடியும். அதற்குக் கீழே போனால் பொருளாளர் தன் சங்கிலியை அடகு வைக்க வேண்டிவரும்.

பரிசுகளை யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் கதையே மாறும். அதே 1,400 ரிக்கற்றில் 1,20,000 மிஞ்சும், நூற்றுக்கு எண்பத்தாறு. ஆகவே என் முடிவு நேரானது: பரிசு அன்பளிப்பாகக் கையில் வரும் வரைக்கும் அச்சகப் பக்கமே போகக்கூடாது. புதுக்குடியிருப்புக் கடைக்காரர் மின்விசிறி ஒன்றைத் தருவார், பெயரை ரிக்கற்றின் பின்பக்கம் போட்டால் போதும். மோட்டச்சைக்கிள் ஆசையை விட்டுவிடுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுப்பதை நான் அறவே எதிர்க்கிறேன். "பத்து ரிக்கற்றையும் வித்துக்கொண்டு வா" என்று ரீச்சர் சொன்னால் பிள்ளை எங்கே போகும்? அம்மாவிடம் போகும். அம்மா கிழமைக் கடன்காரருக்கென்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்ததை அவிழ்ப்பார். அந்தக் காசு நன்கொடை இல்லை, தண்டம். அதோடு சூது கூடாது என்று விலகி நிற்கும் அயலவர்களும் இருக்கிறார்கள். நீராவிப்பிட்டி முஸ்லிம் குடும்பங்கள் ரிக்கற் வாங்கமாட்டார்கள், சில சபைக் கிறிஸ்தவர்களும் அப்படித்தான். பொதுக் காரியத்தில் அவர்களை வெளியே நிறுத்தும் வழியை முதல் வழியாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விற்கும் காலமும் முக்கியம். கார்த்திகை, மார்கழியில் காசெல்லாம் உரத்துக்கும் எண்ணெய்க்கும் போய்விட்டிருக்கும். காலபோக நெல் விற்று வந்த பங்குனி, சித்திரையில் தொடங்கி, வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன்னர் இழுத்து முடிப்பதுதான் இங்குள்ள நடைமுறைக்கு ஒத்தது.

நிதியத்துக்கு எழுதுவது

ஜனாதிபதி நிதியத்துக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியில் இருந்து மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஒட்டுசுட்டான்காரருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது இரவு பஸ்ஸில் கோட்டைக்குப் போய் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். வைத்தியரின் கடிதமும் செலவு மதிப்பீடும் ஜி.எஸ். (கிராம சேவகர்) தரும் உறுதிப்படுத்தலும் கையில் இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்க முன்னரே விண்ணப்பிப்பதுதான் புத்தி. சங்கம் இதில் செய்யக்கூடிய பெரிய உதவி காசு இல்லை, படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு ஆளைக் கூட அனுப்புவதுதான்.

இந்த வழியின் பலவீனம் தீர்மானிக்கிற கையில் இருக்கிறது. இந்த நிதியத்தில் இருந்து வைத்தியச் செலவுக்குப் பெருந்தொகை எடுத்த அரசியல்வாதிகளின் பட்டியல் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. சந்தியில் ரிக்கற் வாங்கியவர்களின் காசுதான் அது. பிரித்தானியாவில் பங்கீட்டைத் தனிச் சபைகளிடம் விட்டதன் அருமை இங்கேதான் விளங்குகிறது. ஆனால் இதைச் சாட்டாக வைத்து எங்கள் ஆட்கள் விண்ணப்பிக்காமல் விடுவது முட்டாள்தனம். வன்னியில் விற்கும் ரிக்கற்றும் அந்த நிதியத்துக்குப் போகிறது. எங்கள் பிள்ளையின் இருதயத்துக்கு அதில் இருந்து கேட்பது பிச்சை கேட்பதல்ல.

மாதக்காசு

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, கணக்கே பேசும். 120 வீடு, மாதம் 100 ரூபா. எல்லாரும் கொடுக்கமாட்டார்கள், 80 வீடு கொடுத்தால் மாதம் 8,000, வருடம் 96,000. அச்சு இல்லை, சைக்கிள் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. எங்கள் கிராமங்களில் மரண உதவிச் சங்கத்துக்கு ஏற்கனவே சந்தா சேர்க்க ஆள் போகிறார், துண்டு எழுதுகிறார், சனம் அவரை நம்புகிறது. அதே ஆள் அதே நடையில் இன்னொரு துண்டையும் எழுதலாம். வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர் வங்கியில் நிலையான கட்டளை போட்டு மாதம் பத்துப் பவுண்ஸ் அனுப்பினால், கொடுக்க வழியில்லாத வீடுகளை விட்டுவிடலாம்.

சந்தாவில் ஒரு குறை உண்டு. ஆரம்பச் சூடு ஆறியதும் தேயும். பரிசு என்ற ஆசை இல்லாததால் கேட்கிற வாய்க்கும் கூச்சம். இந்தக் கூச்சத்துக்குப் பயந்துதான் நாங்கள் ரிக்கற் அடிக்க ஓடுகிறோம் என்பது என் எண்ணம்.

எதை எதற்கு?

இருதய சத்திரசிகிச்சைக்கு நிதியம். சீட்டிழுப்பு இழுத்து முடிய மூன்று மாதம், பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது. விண்ணப்பம் போய் வரும் இடைவெளியில் போக்குவரத்துக்கும் பரிசோதனைகளுக்கும் சங்கம் கைமாற்றுக் கொடுக்கலாம்.

சிறுநீரக நோயாளரின் பயணத்துக்கு மாதக்காசு மட்டும்தான். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் இந்த நோயின் பாரம் தெரியாதவர் இல்லை. இரத்தச் சுத்திகரிப்பு ஒரு கிழமை கூட நிற்காத செலவு. வருடத்துக்கு ஒரு குலுக்கலை நம்பி அதை நடத்த முடியாது.

வடிகட்டியில்தான் கூட்டம் என்னோடு சண்டை பிடிக்கும். ரிக்கற் அடிக்கச் சரியான சாமான் அது, ஒருமுறைச் செலவு, எல்லாப் பிள்ளைக்கும் பயன். ஆனாலும் பாடசாலைக்குக் குடிநீர் கொடுப்பது அரசின் வேலை. சனம் சேர்த்து வாங்கிக் கொடுத்தால் அடுத்த வருடம் பழுது பார்க்கும் செலவும் சனத்தின் தலையில் விழும். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் முதலில் கடிதம் போகட்டும், பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லாவிட்டால், பரிசுகள் அன்பளிப்பாகக் கிடைத்தால், அனுமதி எடுத்து ஒரே ஒரு தரம் இழுங்கள்.

அப்படி இழுப்பதென்றால் ரிக்கற்றின் பின்பக்கம் நாலு வரி அச்சடிக்க வேண்டும்: காசு எதற்கு, இழுப்பு எங்கே எப்போது, முடிவு எந்தக் கடைப் பலகையில் ஒட்டப்படும், பரிசுக்காரர் முப்பது நாளுக்குள் வராவிட்டால் அந்தப் பொருள் என்ன ஆகும். கடைசி வரியை விட்டால் மின்விசிறி செயலாளரின் வீட்டு விறாந்தையில் சுற்றுவதாகத்தான் ஊர் பேசும்.